வன்னியிலிருந்து உமேயோவுக்கு: ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச் போகிறவர்களுக்கான செய்முறை

இலங்கையின் வன்னியில் பம்பைமடுவிலோ அறிவியல் நகரிலோ உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிற ஒருவர், சுவீடனின் வடக்கே உள்ள உமேயோவுக்கு ஒரு செமஸ்டர் போகப்போகிறார் என்றால் வீட்டில் முதல் கேள்வி குளிரைப் பற்றித்தான் வரும். குளிருக்கு உடுப்பு இருக்கிறது. காரியம் கெடுவது பெரும்பாலும் ஆறேழு மாதம் முன்னரே, பத்திரங்களிலும் கிரெடிட் கணக்கிலும். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: பெயர்

கம்பஸ் பதிவில் முதலெழுத்தோடு ஒரு பெயர், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் வெறும் பெயர், கடவுச்சீட்டில் தகப்பன் பெயரும் சேர்ந்து நீளமாக. எங்களுக்கு மூன்றும் ஒரே ஆள். விண்ணப்பத்தைப் பார்க்கிற சுவீடன் அலுவலருக்கு மூன்று பேர். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே எல்லா இடத்திலும் போடுங்கள்: விண்ணப்பம், காப்புறுதி, விமானச்சீட்டு. மாறுகிற பத்திரங்களுக்காக, எல்லாம் ஒரே ஆளின் பெயர்தான் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஆங்கிலத்தில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்திருங்கள்.

கடவுச்சீட்டுக்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு. பழையது கையில் இருந்தால் முடிவுத் திகதியைப் பாருங்கள். கடவுச்சீட்டு முடிகிற நாளுக்கு அப்பால் தங்கும் அனுமதி தரமாட்டார்கள். பிறப்புப் பத்திரத்தைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலமாக்குங்கள். வெளிநாட்டமைச்சின் முத்திரை கேட்டால் யாழ்ப்பாணத்திலேயே கொன்சியூலர் கிளை இருக்கிறது. கொழும்புக்கு இரவு பஸ் ஏறத் தேவையில்லை.

படி 2: கிரெடிட் கணக்கு

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். ஐரோப்பாவில் ஒரு வருட முழுநேரப் படிப்பு 60 ஈசிடிஎஸ் (ECTS, ஐரோப்பியப் பொதுக் கிரெடிட் முறை) கிரெடிட். எங்கள் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் அதே ஒரு வருடம் 30 கிரெடிட். அதாவது அங்கே இரண்டு, இங்கே ஒன்று. உமேயோவில் ஒரு செமஸ்டருக்கு 30 ஈசிடிஎஸ் எடுத்தால் இங்கே 15 கிரெடிட்டாகத்தான் கணக்கு. இதை அறியாமல், "இரண்டு பாடம் போதும், மற்ற இரண்டை விடுவோம்" என்று குறைத்து எடுத்தால் திரும்பி வந்தபின் பட்டத்துக்குக் கிரெடிட் காணாது.

பாடத் தெரிவை எழுதும் படிப்பு ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்து, இங்கத்தைய பல்கலைக்கழகத்தின் கையெழுத்து, அங்கத்தையது என்று மூன்றும் விழ வேண்டும். துறைத் தலைவரின் வாய்ச் சம்மதத்தை நம்பிப் போக வேண்டாம். பீடச் சபையில் எடுத்து, மூதவை வரை போக வேண்டியதாக இருந்தால் அதையும் முடித்துக்கொண்டு விமானம் ஏறுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். புள்ளியையும் இப்போதே பேசுங்கள். சுவீடனில் சில பாடங்களுக்குச் சித்தி, விசேட சித்தி, சித்தியின்மை என்று மூன்றே தரம்தான். அதை வைத்து ஜிபிஏ கணிக்க முடியாது. "சித்தி என்று மட்டும் பதிவோம்" என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள்.

அங்கே பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். 7.5 கிரெடிட் பாடம் முழுநேரமாக ஐந்து கிழமையில் முடிந்து, பரீட்சையும் வந்துவிடும். ஸ்டடி லீவ் வரட்டும் என்று இருக்கிற பழக்கம் அங்கே எடுபடாது. பரீட்சைக்குத் தனியாகப் பதிய வேண்டும். பதியாதவருக்குக் கதிரை இராது. நேரசூசியில் 10 மணி என்று இருந்தால் விரிவுரை தொடங்குவது 10.15க்கு. அதற்காக எல்லாவற்றுக்கும் 15 நிமிடம் பிந்திப் போகாதீர்கள், அந்தச் சலுகை விரிவுரைக்கு மட்டும்.

படி 3: அனுமதியும் காசும்

மூன்று மாதத்துக்கு மேல் என்றால் விசா அல்ல, தங்கும் அனுமதி. பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த கிழமையே இணையத்தில் விண்ணப்பியுங்கள். புலமைப்பரிசில் கடிதத்தில் மாதத் தொகையும் தொடக்க, முடிவுத் திகதிகளும் இருக்க வேண்டும்.

ஒரு வருடத்துக்குக் குறைவாகத் தங்குகிறவருக்குச் சுவீடனின் ஆளடையாள எண் கிடைக்காது. அதனால் வங்கிக் கணக்குத் திறப்பது சிரமம். அந்த ஊர்ச் சனம் போனில் காசு அனுப்புகிற செயலியும் வேலை செய்யாது. பல கடைகள் தாள் காசு வாங்குவதில்லை. ஆகவே உங்கள் வங்கி அட்டையை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறக்கச் சொல்லுங்கள். சிம்முக்கு ரோமிங்கையும் இங்கேயே போடுங்கள். ஓடிபி குறுஞ்செய்தி வராவிட்டால் அட்டை இருந்தும் பயனில்லை.

படி 4: பெட்டி

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சி, பால் பொருள் எதுவும் கொண்டுபோக முடியாது. நெய்யும் அதற்குள் அடக்கம். சுத்தம் செய்த கருவாட்டுக்குத் தடையில்லை, ஆனால் மூன்று பைக்குள் சுற்றுங்கள். காட்டுத் தேன் 2 கிலோ வரை சரி. பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் என்றால் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள், விட்டுவிடுங்கள். வறுத்து இடித்த தூளும் ஒடியல் மாவும் பிரச்சினையில்லை. மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட். பிளக்கின் வடிவம்தான் வேறு, அடப்டர் ஒன்று போதும்.

தடித்த குளிர்க்கோட்டைக் கொழும்பில் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். அங்கத்தைய பழைய உடுப்புக் கடையில் அந்தக் காலநிலைக்கென்றே தைத்தது மலிவாகக் கிடைக்கும்.

படி 5: போய் இறங்கியபின்

உடம்பில் ஒட்டுகிற உடுப்பு பருத்தியாக இருக்கக் கூடாது. வியர்வையைப் பிடித்து வைத்து, நின்றவுடன் குளிரேற்றும். உள்ளே கம்பளி, நடுவே பிளீஸ் (fleece) மேலாடை, வெளியே காற்றுப் புகாத கோட். கடுங்குளிரைவிடப் பூச்சியத்தைச் சுற்றி நிற்கிற நாட்களே வழுக்கும்: பகலில் உருகி இரவில் கண்ணாடியாக உறையும். சப்பாத்தில் மாட்டுகிற ஆணிப்பட்டி ஒரு சோடி வாங்குங்கள். இருட்டில் சைக்கிளுக்கு முன்னும் பின்னும் லைட் சட்டப்படி கட்டாயம். டிசம்பர் மூன்றாம் கிழமையில் பகல் நாலரை மணித்தியாலம் அளவுதான், மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே நடவுங்கள்.

விடுதிச் சமையலறை பொதுவானது. செத்தல் மிளகாயைக் கொதிக்கிற எண்ணெயில் போட்டால் புகைமணி அடித்து முழு மாடியும் வெளியே நிற்கும். அடுப்பை நடுச்சூட்டில் வைத்து, புகைபோக்கி விசிறியை முதலில் போட்டு, கடுகு வெடித்ததும் சட்டியை இறக்கி மிளகாயைப் போடுங்கள். உடுப்புத் தோய்க்கிற அறைக்கும் முன்பதிவு உண்டு.

வீட்டுக்குக் கோல் எடுக்கிறவர்கள் கவனியுங்கள்: கோடையில் நாங்கள் மூன்றரை மணித்தியாலம் முன்னே, குளிர்காலத்தில் நாலரை. அங்கே இரவு எட்டு மணி என்றால் இங்கே அம்மா நித்திரை.

திரும்ப முன், வந்த திகதியும் போகிற திகதியும் போட்ட சான்றிதழில் அங்கத்தைய பல்கலைக்கழகச் சர்வதேச அலுவலகத்தின் கையெழுத்தை வாங்குங்கள். பல புலமைப்பரிசில்களில் கடைசித் தவணைக் காசு அந்தத் தாளைப் பார்த்துத்தான் விடுவிக்கப்படும்.