உள்ளங்கையில் நிற்கும் மனிதர்: தூரத்தைக் கொண்டு செய்யும் புகைப்பட வித்தை

ஒரு பொருள் படத்தில் எவ்வளவு பெரிதாக விழும் என்பதை அதன் உண்மையான அளவும், கேமராவிலிருந்து அது இருக்கும் தூரமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. தூரம் இரு மடங்கானால் பிம்பம் பாதியாகச் சுருங்கும். நம் இரு கண்களும் சேர்ந்து பார்க்கும்போது எது அருகில், எது தொலைவில் என்று எளிதில் தெரிந்துவிடுகிறது. கேமராவுக்கோ ஒற்றைக் கண்தான். ஆகவே எந்த மென்பொருளும் இல்லாமல், வெறும் கைபேசியைக் கொண்டே பார்ப்பவரை ஏமாற்றலாம்.

மொரீஷியஸில் வாழ்பவர்கள் இதற்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் போன்ற நீண்ட மணற்கரை போதும்.

முதலில் தூரத்தைக் கணக்கிடுங்கள். கை நீட்டுபவரின் உள்ளங்கை கேமராவிலிருந்து 2 மீட்டரில் இருக்கட்டும். 1.6 மீட்டர் உயரமுள்ள உங்கள் தங்கை அந்தக் கைமேல் 20 சென்டிமீட்டர் பொம்மை போலத் தெரிய வேண்டுமானால், எட்டில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். அப்படியென்றால் எட்டு மடங்கு தூரத்தில், அதாவது 16 மீட்டரில், அவர் நிற்க வேண்டும். அவர் அங்கே சுற்றுவழியாகப் போவது நல்லது. இருவருக்கும் இடையே உள்ள மணலில் காலடித்தடம் வரிசையாகப் பதிந்துவிட்டால், தூரம் முழுவதையும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது கேமராவின் உயரம். பெரும்பாலான படங்கள் கெடுவது இங்கேதான். தங்கையின் பாதமும் உள்ளங்கையின் மேல்விளிம்பும் ஒரே கோட்டில் சேர வேண்டும். அதற்குக் கேமரா உள்ளங்கையைவிடச் சற்றே உயரத்தில் இருக்க வேண்டும். கை தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால், கேமராவைச் சுமார் 1.4 மீட்டரில் பிடியுங்கள். ஓரிரு சென்டிமீட்டர் மாறினாலும் பாதம் அந்தரத்தில் மிதக்கும், அல்லது விரல்களுக்குள் புதைந்துபோகும். தொலைவில் நிற்பவரை நகரச் சொல்வதைவிடக் கேமராவை நகர்த்துவதே எளிது. கடற்காற்றில் தமிழில் கத்தினாலும் கிரியோலில் கத்தினாலும் அவருக்குக் கேட்காது. கைச்சைகைகளை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேரும் தெளிவாக விழ வேண்டும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் முறையை அணைத்துவிட்டு, கைக்குச் சற்று அப்பால் ஃபோகஸ் செய்யுங்கள். முழுச்சட்டக் கேமரா (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்குச் சென்சார் உள்ளது) வைத்திருப்பவர்கள் 28 மி.மீ. லென்ஸில் ஒளி நுழையும் துளையை (அப்பெர்ச்சர்) எஃப் 11 என வைத்து 2.4 மீட்டரில் குவித்தால், ஏறத்தாழ 1.2 மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவு கிடைக்கும்.

ஜூன், ஜூலையில் இங்கு நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். அப்போது கரையோரமாகத் தெற்கு நோக்கிப் படமெடுத்தால் இருவர்மேலும் ஒரே விதமாக வெயில் விழும். உங்கள் நிழல் மட்டும் சட்டத்துக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கை பழகியபின் மொரீஷியஸின் புனித ஏரியான கங்கா தலாவ் செல்லலாம். அங்குள்ள சிவபெருமான் சிலை 33 மீட்டர் உயரம், 1.65 மீட்டர் உயரமுள்ளவரைப் போல இருபது மடங்கு. அவர் கேமராவிலிருந்து 3 மீட்டரிலும் சிலை 60 மீட்டரிலும் இருந்தால், படத்தில் இருவரும் ஒரே உயரத்தில் தெரிவார்கள். சிலையை விரலால் கிள்ளுவது போல எடுப்பது எனக்கு ஒப்பவில்லை. அருகருகே நின்று கும்பிடுவது போல எடுத்தால் வித்தையும் நிறைவேறும், மரியாதையும் கெடாது. பனிமூட்டம் இருந்தால் தொலைவில் உள்ள சிலை மட்டும் வெளிறித் தெரிந்து வித்தை பலிக்காமல் போகும் என்பதால், மூட்டம் விலகும்வரை காத்திருந்து எடுங்கள்.