நல்ல எண் வந்தால் கொஞ்சம் பொறுங்கள்: மருந்துத் தேடல் ஆய்வில் நாம் விடும் பிழைகள்

வந்தாறுமூலையிலும் சம்மாந்துறையிலும் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் காலம் வந்தால் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இரண்டு வகைதான். "சேர், செயற்கை நுண்ணறிவு வைச்சு மருந்து கண்டுபிடிக்கிற மாதிரி ஏதும் செய்யலாமா?" என்பது ஒன்று. "எங்கட ஊர்ல ஒரு வேர் இருக்கு, சீனி வருத்தத்துக்கு அம்மம்மா அவிச்சுக் குடுக்கிறவ" என்பது மற்றது. இரண்டும் நல்ல ஆசைகள். சிக்கல் பின்னால் வருகிறது. முதல் சோதனையில் அழகான எண் ஒன்று கிடைத்ததும் பிள்ளைகள் அதிலேயே குந்திவிடுகிறார்கள். அந்த எண் எந்தக் கேள்விக்குப் பதில் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

கணினியிலிருந்தே தொடங்குவோம். 2020 ஊரடங்கில் ஆய்வுகூடங்கள் பூட்டிக் கிடந்தன, மடிக்கணினி மட்டும் திறந்திருந்தது. கொரோனா வைரசின் முக்கிய புரொட்டியேஸ் நொதியத்தின் கட்டமைப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. மஞ்சள், இஞ்சி, வேம்பு என்று கையில் அகப்பட்ட மூலக்கூறுகளையெல்லாம் அதற்குள் பொருத்திப் பார்த்து உலகம் முழுக்கக் கட்டுரை எழுதித் தள்ளினார்கள். அதே நொதியத்தைத் தடுக்கும் நிர்மட்ரெல்விர் வந்த பாதை வேறு. 2003 சார்ஸ் காலத்தில் ஃபைசர் வேதியியலாளர்கள் செய்துவைத்த மூலக்கூறு ஒன்றை எடுத்து, வாயால் விழுங்கக்கூடியதாக மாற்றி, ஒவ்வொரு மாற்றத்தையும் உண்மையான நொதியத்தோடு சேர்த்து அளந்து பார்த்துத்தான் 2021 டிசம்பரில் அது அவசர அனுமதி பெற்றது.

பொருத்திப் பார்க்கும் மென்பொருள், ‘டொக்கிங்’ என்று நாம் சொல்வது, கெட்டதல்ல. அது தரும் எண்ணை வாசிக்கும் விதத்தில்தான் தவறு. இந்த எண் பூச்சியத்துக்கு எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு இறுக்கமான பிணைப்பு என்று பொருள். ஒரு மூலக்கூறுக்கு −9.2 கிலோகலோரி, இன்னொன்றுக்கு −8.1 என்று வந்தால் முதலாவது வென்றுவிட்டது என்று எழுதுகிறார்கள். பிணைப்பு ஆற்றலில் சுமார் 1.4 கிலோகலோரி வித்தியாசம் வந்தால் பிணைப்பின் வலிமை 10 மடங்கு மாறும். இந்த மென்பொருள்களின் வழக்கமான பிழையோ 2 கிலோகலோரிக்குக் குறையாது. அதாவது 30 மடங்காவது இப்படியும் அப்படியும் போகலாம். அந்த 1.1 வித்தியாசத்தை வைத்து யார் வென்றது என்று எப்படிச் சொல்வது? இன்னொன்று, பெரிய மூலக்கூறுக்குத் தொடும் இடம் அதிகம், அதனால் மதிப்பெண்ணும் அதிகம். சீனி ஒட்டிய ருட்டின் போன்ற பிளேவனொயிட்டுகள் என்ற தாவரச் சேர்வைகள் எல்லாப் பட்டியலிலும் மேலே வந்து நிற்பதன் இரகசியம் இதுதான். குறைந்தபட்சம் ஒன்று செய்யுங்கள்: பளிங்குக் கட்டமைப்பில் ஏற்கெனவே இருக்கும் மூலக்கூறை எடுத்து, அதே மென்பொருளால் திரும்பப் பொருத்துங்கள். பழைய இடத்துக்கு 2 ஆங்ஸ்ட்ரொம்முக்குள் வந்து உட்காராவிட்டால் மற்ற எண்களையும் நம்ப வேண்டாம்.

புரதங்களின் வடிவத்தை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளான அல்ஃபாஃபோல்டின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான். 2024 வேதியியல் நோபல் பரிசில் ஒரு பாதி டெமிஸ் ஹசாபிசுக்கும் ஜோன் ஜம்பருக்கும் போனது, தகுதியானதுதான். 20 கோடிக்கு மேற்பட்ட புரதங்களின் ஊகித்த வடிவங்கள் இலவசமாகக் கிடக்கின்றன. ஆனால் அவை ஊகங்கள். ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் 100க்கு இத்தனை நம்பிக்கை என்று மதிப்பெண் போட்டுத்தான் தருகிறார்கள். 50க்குக் கீழே உள்ள பகுதி பெரும்பாலும் ஒழுங்கான வடிவமே இல்லாமல் ஆடிக்கொண்டிருக்கும் வால். அந்த வாலின் மடிப்புக்குள் மருந்தைப் பொருத்திக் கொண்டுவந்த ஒரு தம்பியின் படம் மிக அழகாக இருந்தது. நம்பிக்கை மதிப்பெண்ணின்படி நிறத்தை மாற்றிக் காட்டினேன், ஆள் பேசவில்லை.

சரி, இனி அம்மம்மாவின் வேர். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், அதிகம் பேர் சறுக்குவது இதில்தான்.

சீனி வருத்தத்துக்கு ஆய்வுகூடத்தில் பெரும்பாலும் செய்வது அல்ஃபா குளுக்கோசிடேஸ் சோதனை. மாச்சத்து குடலில் குளுக்கோசாக உடைவதைத் தாவரச் சாறு தடுக்கிறதா என்று பார்ப்பது. கடையில் மலிவாகக் கிடைக்கும் நொதியம் ஈஸ்ற்றிலிருந்து எடுத்தது. நம் குடலில் இருப்பதோ வேறு குடும்பத்து நொதியம், பெயர் மட்டும் ஒன்று. சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் அக்கார்போஸ் மாத்திரை குடல் நொதியத்தை நன்றாகத் தடுக்கும், ஈஸ்ற் நொதியத்தை மிகப் பலவீனமாகத்தான் தடுக்கும். ஆகவே ஈஸ்ற் நொதியத்தில், கொஞ்சம் தடுக்கும் எந்தச் சாற்றைப் போட்டாலும் "அக்கார்போசை விடப் பல மடங்கு சக்தி வாய்ந்தது" என்று வந்துவிடும். அந்த வசனத்தை நான் எத்தனை ஆய்வேடுகளில் வாசித்திருப்பேன் என்று எண்ணவில்லை. எலியின் சிறுகுடலிலிருந்து எடுத்த நொதியத் தூளில் அதே சோதனையைச் செய்தால் கதை மாறும். நம் நாட்டுக் கொத்தலஹிம்புட்டு என்ற மூலிகைக் கொடியை ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது எலிக்குடல் நொதியங்களைத்தான் வைத்துக்கொண்டார்கள். 1997இல் அதிலிருந்து சலசினோல் என்ற மூலக்கூறைப் பிரித்துக் கட்டமைப்பையும் எழுதினார்கள். அதன் மரத்தில் செய்த கோப்பையில் இரவு முழுக்க ஊறவைத்த தண்ணீரைக் காலையில் குடித்த வழக்கத்துக்குப் பின்னால் அப்படி ஒரு மூலக்கூறு இருந்தது.

இரண்டாவது பொறி துவர்ப்பு. மட்டக்களப்பு வாவிக்கரைக் கண்டல் மரப்பட்டையை எடுத்துக்கொண்டு ஒரு மாணவி வந்தார். சாறு அபாரமாகத் தடுக்கிறது. வேறு நொதியம் எதிலாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். அமிலேசில் போட்டார், தடுத்தது. லிப்பேசில் போட்டார், அதையும் தடுத்தது. "மறுகா என்ன சேர், எல்லாத்துக்கும் மருந்தா?" என்று சிரித்தார். எல்லாவற்றையும் தடுப்பது எதையும் தெரிந்தெடுத்துத் தடுப்பதில்லை. கண்டல் பட்டை முழுக்கத் தனின். தனின் எந்தப் புரதத்தைக் கண்டாலும் ஒட்டி வீழ்படிவாக்கும். சாயத் தேத்தண்ணியில் பாலை விட்டால் துவர்ப்பு அடங்குகிறதே, அதே வேலை. சோதனைக்குழாயிலும் பாலுக்குப் பதிலாக மாட்டுக்குருதி அல்புமின் என்ற புரதத்தைச் சேர்த்துப் பார்த்தோம். தடை பெரும்பகுதி போய்விட்டது.

தனின் இல்லாத தூய சேர்வையும் இப்படி ஏமாற்றும். சில மூலக்கூறுகள் தண்ணீரில் கரையாமல் சின்னச் சின்னத் திரளைகளாகி, நொதியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆய்வாளர் பிரையன் ஷொய்செட்டின் குழுவினர் 2002 அளவில் இதைக் காட்டினார்கள். கண்டுபிடிக்கும் வழி மிக மலிவு: ட்ரைட்டன் எக்ஸ்-100 என்ற சவர்க்காரத்தன்மை உள்ள பொருளை 0.01 சதவீதம் சேர்த்து அதே சோதனையைத் திரும்பச் செய்வது. தடை காணாமல் போனால் சந்தேகப்படலாம். மஞ்சளிலுள்ள கேர்க்கியுமின் இந்த வகைக்குப் பேர்போனது. திரளையாகும், ஒளிரும், இரத்தத்தின் காரத்தன்மையில் நிமிடக் கணக்கில் சிதையும். 2017இல் வெளிவந்த ஒரு விரிவான மீளாய்வு, 120க்கு மேற்பட்ட மருத்துவச் சோதனைகளுக்குப் பின்னும் அது மருந்தாகவில்லை என்று எழுதியது. கறிக்கு மஞ்சள் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை.

அடுத்து, அளவு. பாதித்தடைச் செறிவு, அதாவது நொதியத்தின் வேலையைப் பாதியாக்கத் தேவையான செறிவு, மில்லிலீற்றருக்கு 500 மைக்கிரோகிராம் என்று எழுதிவிட்டு அருகில் ‘சிறந்த செயற்பாடு’ என்று போடுகிறார்கள். ஒரு கணக்குப் போடுங்கள். வளர்ந்த ஆளின் உடம்பில் ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம். மருந்து இரத்தத்தில் வேலை செய்வதென்றால், அந்தச் செறிவு வர இரத்தத்தில் மட்டுமே 2.5 கிராம் சாறு எந்நேரமும் மிதக்க வேண்டும். குடல் உறிஞ்சாதது, ஈரல் அழிப்பது, இழையங்களுக்குள் போவது எல்லாம் வேறு கணக்கு.

தாவரத்தின் பெயரில் விடும் பிழையை ஒருவரும் பெரிதாக எடுப்பதில்லை. வெள்ளாமை வெட்டின வட்டையில் வரம்போரம் முளைக்கும் கீழ்க்காய்நெல்லியை எடுங்கள். பார்வைக்கு ஒரே மாதிரியான இரண்டு மூன்று இனங்களை நாம் இந்த ஒரே பெயரால்தான் கூப்பிடுகிறோம். 1988இல் சென்னை ஆய்வாளர்கள் இதன் ஓர் இனத்தை ஹெபடைட்டிஸ் பி வைரசைச் சுமந்தவர்களுக்குக் கொடுத்து, 37 பேரில் 22 பேருக்கு வைரசின் அடையாளமான மேற்பரப்பு அன்ரிஜன் மறைந்தது என்று லான்செட் இதழில் எழுதினார்கள். போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்தபோது அப்படி வரவில்லை. ஏன் என்று கேட்டபோது எழுந்த ஐயங்களில் ஒன்று, எல்லோரும் ஒரே செடியைத்தான் எடுத்தார்களா என்பது. பூவோடும் காயோடும் ஒரு கிளையை அழுத்திக் காயவைத்து, பேராதனைத் தேசிய உலர்தாவரகத்தில் அடையாளம் உறுதிசெய்து வைப்பதற்கு ஒரு பஸ் பயணம் போதும். அந்தத் தாள் இல்லாமல் போனால் பத்து வருடம் கழித்து யாரும் உங்கள் வேலையைத் திரும்பச் செய்ய முடியாது.

சாறு எடுக்கும் முறையும் அப்படித்தான். அம்மம்மா தண்ணீரில் அவித்தார், நீங்கள் ஹெக்சேன் என்ற இரசாயனக் கரைப்பானில் ஊறவைத்தீர்கள். பிறகு "பாரம்பரியப் பயன்பாடு நிரூபிக்கப்பட்டது" என்று எழுதினால் அது வேறு மருந்தைப் பற்றிய பேச்சு. தலைகீழாகவும் நடக்கும். சீனாவில் து யூயூ மலேரியாவுக்கு எதிரான செடியை வழக்கம்போலக் கொதிக்க வைத்தபோது பலன் நிலைக்கவில்லை. பழைய ஏடொன்றில் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்ததைக் கவனித்தார். சூடுதான் கெடுக்கிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரால் எடுத்தார். 1971இல் 191ஆவது மாதிரி வேலை செய்தது. ஆர்ட்டிமிசினின் அப்படி வந்தது, 2015இல் நோபலும் வந்தது.

ஒட்சியேற்ற எதிர்ப்பைப் பார்க்கும் டிபிபிஎச் சோதனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊதா நிறம் மஞ்சளாகும், ஒரு கோப்பை சாயத் தேத்தண்ணியும் அதைச் செய்யும். அதேபோல், குடுவையில் புற்றுக்கலம் செத்தது என்பதும் தனியே செய்தியல்ல. வெள்ளம் வடிந்ததும் கிணற்றுக்குப் போடும் குளோரினும் கொல்லும். சாதாரண கலம் எந்தச் செறிவில் சாகிறது என்று பக்கத்தில் போட்டால்தான் பேசலாம்.

புதிய துறைகளில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று. 2001இல் முதற்கட்டுரை வந்த புரோடாக் மூலக்கூறுகளுக்கு இரண்டு கைகள். ஒன்று கெட்ட புரதத்தைப் பிடிக்கும், மற்றது கலத்துக்குள் குப்பைக்கு அடையாளமிடும் நொதியத்தைப் பிடிக்கும். இரண்டையும் சந்திக்கவைத்தால் புரதம் அழியும். இதில் செறிவைக் கூட்டினால் பலன் கூடும் என்று நினைப்பதுதான் பிழை. கலியாணத் தரகர் ஒருவர் என்றால் இரண்டு வீட்டையும் சேர்த்துவைப்பார். நூறு தரகர் வந்தால் மாப்பிள்ளை வீட்டில் ஒருவர், பெண் வீட்டில் வேறொருவர் என்று குந்திக்கொள்வார்கள், சந்திப்பே நடக்காது. ஒரே ஒரு உயர்ந்த செறிவில் மட்டும் சோதித்துவிட்டு வேலை செய்யவில்லை என்று தூக்கியெறியாதீர்கள், தாழ்ந்த செறிவுகளையும் வரிசையாகப் பாருங்கள். மூலக்கூற்று நிறை 500 டோல்ற்றனைத் தாண்டக்கூடாது என்ற வேதியியலாளர் லிப்பின்ஸ்கியின் எல்லையைக் காட்டி இவற்றை நிராகரிக்கவும் வேண்டாம். 1997இல் அவர் சொன்னது விழுங்கும் மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைப் பற்றி. புரோடாக்குகள் அநேகமாக அந்த எல்லைக்கு வெளியேதான் நிற்கின்றன.

அப்புறம், இதெல்லாம் முடிந்து கட்டுரை எழுதும் நேரத்தில் "மதிப்புக்குரிய பேராசிரியரே" என்று தொடங்கி, மூன்று நாளில் வெளியிட்டுத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் மின்னஞ்சல் ஒன்று வரும். இளமாணிப் பட்டமே முடிக்காத உங்களைப் பேராசிரியர் என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் எழுத வேண்டியதில்லை.