ஸ்டீரியோ ஜோடியில் ஒரு பக்கம் மட்டும் அமுங்கி ஒலிக்கிறதா? ஏ.ஆர்-3ஏ வைத்திருப்பவர்களுக்கு

பழைய ஸ்பீக்கர் ஜோடியில் ஒன்று மட்டும் அமுங்கிப் போனால் உடனே வூஃபரை (பேஸுக்கான பெரிய யூனிட்டை) கழற்ற வேண்டாம். பெட்டியைத் திறப்பது கடைசி வேலை. பெரும்பாலும் கோளாறு ஏதாவது ஒரு தொடுமுனையில் படிந்த களிம்பில்தான் இருக்கும். ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் (காயில்) எரிந்துபோவது அதைவிட அபூர்வம். 1967-இல் வந்த அக்கூஸ்டிக் ரிசர்ச் (ஏ.ஆர்) நிறுவனத்தின் 3ஏ ஸ்பீக்கரை இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். முதல் பாதி எந்த ஜோடிக்கும் பொருந்தும்.

இரண்டு ஸ்பீக்கர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று மூலையிலும் மற்றொன்று திறந்த சுவரிலும் இருந்தால் பேஸ் சமமாகக் கேட்காது. பேலன்ஸ் நடுவில் இருக்கட்டும். ஒரே ஆள் பேசும் பதிவைப் போடுங்கள். அறுபதுகளின் ஸ்டீரியோ பதிவுகள் பலவற்றில் குரல் ஒரு பக்கம், வாத்தியம் மறுபக்கம் என்று பிரித்திருப்பார்கள். அவற்றை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டன் இருந்தால் இப்போது அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் இரண்டு பக்கமும் சமமாகிவிட்டால் கோளாறு அந்த பட்டனுக்கு முன்னால் இருக்கிறது: ரெக்கார்டு பிளேயரின் கார்ட்ரிட்ஜ், ஹெட்ஷெல் பின்கள், ஆர்.சி.ஏ. வயர், டேப் மானிட்டர் ஸ்விட்ச். ஸ்பீக்கரைத் தொடவே வேண்டாம்.

சமமாகவில்லை என்றால் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, அதன் பின்புறம் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிச் செருகுங்கள். அமுங்கல் மற்ற பெட்டிக்கு மாறினால் குற்றவாளி ஆம்ப்ளிஃபயர். பழைய பெட்டியிலேயே நின்றால் ஸ்பீக்கர் அல்லது அதன் வயர். வயர்களை ஸ்பீக்கர் முனையிலும் மாற்றிப் பார்த்தால் அந்தச் சந்தேகமும் தீரும்.

ஆம்ப்ளிஃபயர் என்று தெரிந்தால் முதல் சந்தேகம் ஸ்பீக்கர் ரிலே (ஸ்பீக்கருக்கு இணைப்பு கொடுக்கும் தானியங்கி ஸ்விட்ச்). குறைந்த வால்யூமில் கரகரத்து அமுங்கியிருக்கும். கூட்டினால் திடீரென்று உயிர் வரும். இது களிம்பு ஏறிய ரிலே முனையின் அடையாளம். அடுத்து ஸ்பீக்கர் செலக்டர், பேலன்ஸ், வால்யூம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, ஒவ்வொன்றையும் இருபது முப்பது முறை முழுக்கத் திருப்புங்கள். பூட்டுக்கும் கீலுக்கும் அடிக்கிற ஸ்பிரே இதற்கு ஆகாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டர்களில் மின்னழுத்தம் நிற்கும். பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம்.

இனி ஸ்பீக்கர். 3ஏ-வில் 12 அங்குல வூஃபர் சுமார் 575 ஹெர்ட்ஸ் வரை, ஒன்றரை அங்குல மிட்ரேஞ்ச் டோம் அங்கிருந்து 5000 ஹெர்ட்ஸ் வரை, முக்கால் அங்குல ட்வீட்டர் அதற்கு மேல். பேச்சைத் தெளிவாக்கும் பகுதி முழுக்க அந்தச் சின்ன மிட்ரேஞ்ச் டோமின் பொறுப்பு. அது வாயை மூடிக்கொண்டால் வூஃபர் முழு பலத்தோடு இயங்கினாலும் ஸ்பீக்கரே அமுங்கியதுபோல்தான் காதுக்குப் படும். காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி, ஒவ்வொரு யூனிட்டாக இரண்டு பெட்டியிலும் ஒப்பிட்டுக் கேளுங்கள்.

மிட்ரேஞ்ச், ட்வீட்டர் இரண்டுமே ஊமையாக இருந்தால் பின்புறம் பாருங்கள். 1, 2, டி என்று மூன்று டெர்மினல்கள் இருக்கும். 2-ஐயும் டி-யையும் இணைக்கும் தகடு கழன்றிருந்தால் வூஃபர் மட்டும்தான் பாடும். ஐந்து நிமிட வேலை.

தகடு சரியாக இருந்தால், பின்புறமுள்ள இரண்டு லெவல் கன்ட்ரோல்கள்தான் (மிட்ரேஞ்ச், ட்வீட்டர் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) மிச்சம். இந்த மாடலின் தீராத நோய் இது. பாட்டு ஓடும்போதே மெதுவாகத் திருப்புங்கள். கரகரப்பும், ஏதோ ஓர் இடத்தில் சட்டென்று திரும்பும் ஒலியும் கேட்டால் உள்ளே ஓடும் தொடுமுனையில் களிம்பு. ஒலி வந்த இடத்திலேயே விட்டுவைத்தால் சில வாரம் ஓடும். பிறகு மறுபடி போகும்.

டெர்மினலில் மல்டிமீட்டர் வைத்து "ஓம் சரியாக இருக்கிறது, ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது" என்று முடிவுகட்டுவது பொதுவான தவறு. மிட்ரேஞ்சுக்கும் ட்வீட்டருக்கும் முன்னால் கெப்பாசிட்டர் நிற்பதால், அங்கே மீட்டர் காட்டுவது வூஃபரின் எண்ணை மட்டுமே.

கன்ட்ரோலை நிரந்தரமாகச் சரிசெய்ய பெட்டியைத் திறக்க வேண்டும்: வூஃபர் திருகுகளை எடுத்து, ஓரத்துப் பிசினிலிருந்து மெல்ல நெம்பி எடுங்கள். உள்ளே கண்ணாடி இழைப் பஞ்சு இருக்கலாம். முகமூடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். கன்ட்ரோலின் வயர்களைக் கழற்றுவதற்கு முன் படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் துண்டுச்சீட்டு ஒட்டுங்கள். வயர் இல்லாமல் அளந்தால் நடுமுனைக்கும் ஓரமுனைக்கும் இடையே பூஜ்யத்திலிருந்து ஏறக்குறைய 15 ஓம் வரை தடங்கலின்றி ஏற வேண்டும். எண் துள்ளினால் பிரித்து, கம்பிச்சுற்றையும் தொடுமுனையையும் 600 கிரிட் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, கான்டாக்ட் கிளீனரால் துடைத்து, தொடுமுனைக்குக் கொஞ்சம் அழுத்தம் கொடுங்கள். அரித்துப் பள்ளம் விழுந்திருந்தால் அதற்குப் பதில் 8 ஓம் எல்-பேட் (ஸ்பீக்கருக்கான ஒலிக் குறைப்பான்) போடலாம். போடுவதானால் இரண்டு பெட்டியிலும் போடுங்கள், இல்லாவிட்டால் ஜோடி ஒத்துப்போகாது.

கன்ட்ரோல் நன்றாக இருந்தும் ஒலி குறைவு என்றால் கெப்பாசிட்டர்கள்: ட்வீட்டருக்கு 6, மிட்ரேஞ்சுக்கு 50, வூஃபர் பக்கம் 150 மைக்ரோஃபாரட். போலாரிட்டி இல்லாத வகைதான் வேண்டும். ரேடியோ கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பிளஸ்-மைனஸ் எலக்ட்ரோலைட்டிக் ஆகாது. இதற்குப் பிறகும் ஊமையாக இருக்கும் டோமின் ஒரு வயரைக் கழற்றி அளந்து, நல்ல பெட்டியின் எண்ணோடு ஒப்பிடுங்கள். மீட்டர் திறந்த சுற்று காட்டினால் அந்த யூனிட் போய்விட்டது.

வூஃபரைத் திரும்ப மாட்டும்போது ஓரத்தில் புதுப் பிசின் அல்லது ஃபோம் கேஸ்கெட் வையுங்கள். பிறகு வூஃபரின் கோனை (கூம்பை) நான்கு விரலால் சமமாக உள்ளே அழுத்தி விடுங்கள். மெதுவாகத் திரும்பினால் காற்றடைப்பு சரி. சடாரென்று திரும்பினால் எங்கோ கசிகிறது: கேஸ்கெட், கன்ட்ரோல் துளை, அல்லது வூஃபரின் விளிம்பு.