வாட்ச் சேர்ப்பதும் ஹெலிகாப்டர் கதை கேட்பதும்: பல்லடத்திலிருந்து சில யோசனைகள்

முதல் வாட்ச் வாங்குவதற்கு முன்னால் கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கி வையுங்கள். ஒரு வாட்சுக்கு இரண்டு பக்கம். இடது பக்கத்தில் வாட்சின் விவரம்: கம்பெனி, மாடல், நம்பர், எங்கே வாங்கியது, பில் இருக்கிறதா, கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது. வலது பக்கத்தில் அதைக் கட்டியிருந்தவரின் கதை. வலது பக்கம் ரொம்ப நாள் காலியாகவே கிடந்தால் அந்த வாட்சை விற்றுவிடுவேன். விலை உயர்ந்த வாட்சை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். அதைக் கட்டிக்கொண்டு ஒருவர் எங்கே போனார், என்ன பார்த்தார் என்பதை அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும். பிற்பாடு அது எந்தக் கடையிலும் கிடைக்காது.

நான் விமானப்படையில் ஹெலிகாப்டர் எஞ்சின் பார்த்தவன். பெரும்பாலும் சேத்தக் ரக ஹெலிகாப்டர். ஓய்வுக்குப் பிறகு ஊர் திரும்பி பல்லடத்தில் விசைத்தறி உதிரி பாகம் விற்கிறேன். சூலூர் தளம் பக்கத்திலேயே இருக்கிறது. விமானப்படையின் சாகசக் குழுவான சாரங்கின் துருவ் ஹெலிகாப்டர்கள் வானத்தில் தெரிந்தால் வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். வாட்ச் ஆசையும் அந்த வேலையில் இருந்து வந்ததுதான். ஹெலிகாப்டரில் எரிபொருள் எவ்வளவு மிச்சம், எஞ்சினுக்கு ஆயுள் எவ்வளவு மிச்சம் எல்லாமே பறந்த நேரத்தை வைத்துத்தான். நேரத்தைத் தப்பாக எழுதினால் அடுத்தவன் உயிர் போகும் என்று சொல்லித்தான் எங்களைப் பழக்கினார்கள்.

சரி, வாங்குவதற்கு வருவோம். கடையைத் தேடுவதற்கு முன்னால் ரிப்பேர்காரரைத் தேடுங்கள். கோவை டவுன்ஹால் பக்கத்துச் சந்துகளிலும் ஈரோட்டிலும் கண்ணில் லூப் என்கிற பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் போகிறவரிடம் எந்த வாட்சை நீட்டினாலும் முதல் கேள்வி இதுதான்: "ஏனுங்க, இது தெனமும் கட்டுனதுங்களா, பீரோவுல வெச்சிருந்ததுங்களா?" நான் பதில் சொல்வதற்குள் பின்மூடியைக் கழற்றிவிடுவார். பின்மூடியின் உள்பக்கத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். சர்வீஸ் செய்கிறவர்கள் அங்கே ஊசியால் பொடிப்பொடியாகத் தேதியோ தங்கள் குறியோ கீறி வைப்பது வழக்கம். நாலைந்து கீறல் இருந்தால் அந்த வாட்சை யாரோ அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அந்தத் தேதிகள் விற்கிறவர் சொல்லும் கதையோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். திருகு மூடி போட்ட வாட்சை அதற்கான சாவி இல்லாதவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

டயலும் சாட்சி சொல்லும். பழைய சுவிஸ் வாட்சில் ஆறு மணிக்குக் கீழே சின்ன எழுத்தில் "டி சுவிஸ் டி" (T SWISS T) என்று இருந்தால் முள்ளிலும் எண்ணிலும் இருட்டில் மின்னுவதற்காகப் பூசியது டிரிடியம் என்கிற கதிரியக்கப் பொருள். அது 1960களில் இருந்து 1990களின் கடைசி வரை புழங்கியது. அதற்கு முன்னால் ரேடியம். ஆகவே "எங்க அப்பாரு இரண்டாம் உலகப்போரில் கட்டினது" என்று நீட்டுகிற வாட்சில் அந்த எழுத்து இருந்தால், வாட்ச் பிற்காலத்தது, அல்லது டயல் மாற்றியிருக்கிறார்கள். டிரிடியத்தின் வீரியம் 12 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். 1970களின் டயல் ராத்திரி முழுக்கப் பளீரென்று மின்னினால் யாரோ புதுப்பூச்சு அடித்திருக்கிறார்கள். ரேடியம் வேறு விதம். மின்னுவது நின்றுபோனாலும் கதிரியக்கம் நிற்காது. அந்தப் பூச்சைச் சுரண்டாதீர்கள், வீட்டில் திறந்து பார்க்காதீர்கள்.

நம் நாட்டில் பழைய எச்எம்டி, ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்டு வாட்சுகளுக்கு நீலம், ஆரஞ்சு என்று புது டயல் அடித்து விற்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது பழைய டயல் இல்லை. எச்எம்டி பைலட் என்கிற கறுப்பு டயல் வாட்ச் எனக்கு உயிர். பெயரில் பைலட் இருக்கிறது என்பதற்காக விமானப்படை கொடுத்தது என்று சொல்லி விலை ஏற்றுகிறவர்களை நம்பாதீர்கள். எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்த பிறகு இந்தப் பேச்சு கூடிவிட்டது.

பெரிய விலைக்குப் போகும்போது பணம் வங்கி வழியாகவே போகட்டும். 2 லட்சத்துக்கு மேல் வாங்கினால் பான் எண் கேட்பார்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கிக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கவில்லை. 2025 ஏப்ரலில் இருந்து 10 லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்குக் கடைக்காரர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டுகிறார், அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஷார்ஜாவில் இருந்து வரும் மாப்பிள்ளையின் கையில் கட்டி அனுப்பச் சொல்வது நம் பக்கம் சாதாரணமாக நடக்கிறது. சுங்கத்தில் சொல்லி வரி கட்டி ரசீது வாங்கச் சொல்லுங்கள். ரசீது இல்லாத வாட்சுக்கு நோட்டில் இடது பக்கம் எப்போதும் ஓட்டைதான்.

ஹெலிகாப்டர், விமானம் சம்பந்தப்பட்ட வாட்சுகளைத்தான் சேர்க்க ஆசை என்றால் மூன்றைச் சொல்கிறேன்.

முதலில் ஃபேவர் லூபா பிவுவாக், 1962இல் வந்தது. உள்ளே காற்றழுத்தம் பார்க்கும் சின்ன உலோகப் பெட்டி இருக்கிறது. அழுத்தம் குறையக் குறைய அது விரியும், ஒரு முள் நகர்ந்து 3,000 மீட்டர் வரை உயரம் காட்டும். பயணிகள் விமானத்தில் இதைக் கட்டிப் பிரயோஜனமில்லை. உள்ளே காற்றை அழுத்தி வைத்திருப்பதால் முள்ளுக்கு நிஜ உயரம் தெரியாது. சேத்தக் மாதிரி ஹெலிகாப்டரில் அப்படி அழுத்தம் கிடையாது, ஏற ஏற முள்ளும் ஏறும். அதனால்தான் இதை ஹெலிகாப்டர்காரர் வாட்ச் என்கிறேன். வாங்குவதற்கு முன் சோதிக்க நமக்கு நீலகிரி இருக்கிறதே. மேட்டுப்பாளையத்தில் அந்த ஊர் உயரத்துக்கு முள்ளை வைத்துவிட்டு காரில் ஊட்டி போங்கள். ஊட்டி 2,240 மீட்டர். முள் அதை ஒட்டி நிற்க வேண்டும். பாதி வழியில், பர்லியாறு பக்கமே நின்றுவிட்டால் பெட்டி ஓட்டை. அதைச் சரி செய்கிற ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

அடுத்தது பிரைட்லிங் எமர்ஜென்சி. 1995இல் வந்த முதல் மாடலில் 121.5 மெகாஹெர்ட்ஸில் அபாயக் குறி அனுப்பும் குட்டி ரேடியோ உண்டு. செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பது 2009 பிப்ரவரியோடு நின்றுவிட்டது. ஆகையால் பழைய மாடலை உயிர் காக்கும் என்று நம்பி வாங்காதீர்கள், சேகரிப்புக்கு மட்டும் வாங்குங்கள். ஆன்டெனாவை விளையாட்டுக்குக்கூட இழுக்கக் கூடாது.

மூன்றாவது, இரண்டு நாட்டு நேரம் காட்டும் ஜிஎம்டி வகை. பைலட்டுகள் எழுதுவதெல்லாம் கிரீன்விச்சை ஒட்டிய உலக நேரத்தில். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி கூடுதல். அந்த அரை மணிதான் தொல்லை, டயலைச் சுற்றி 24 பல் மட்டும் வைத்துச் சுற்றும் வளையத்தில் அது சரியாக உட்காராது. வாங்கும்போதே வளையத்தைச் சுற்றிப் பாருங்கள். சும்மா ஒரு வாட்ச் இருந்தாலே போதும் என்பவர்களுக்கு எங்கள் யூனிட்டில் ஒரு பெரியவர் காட்டிய வழி: முள் வைத்த எந்த வாட்சையும் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். இங்கே மதியம் 12 என்றால் ஆறரை மாதிரி தெரியும். கிரீன்விச்சில் அப்போது காலை ஆறரைதான்.

வீட்டில் வைத்துக் காப்பாற்றுவதில் கொங்கு நாட்டுக்கே உரிய இரண்டு எதிரிகள் உண்டு: பஞ்சும் காந்தமும். ஸ்பின்னிங் மில், தறிக்குடோன் பக்கம் போகிறவர்கள் சாவித் திருகை வெளியே இழுத்த நிலையில் விடாதீர்கள், இழை உள்ளே போய்விடும். காந்தம் அதைவிட மோசம். மோட்டார் பம்புக்குப் பேர்போன ஊர் நம்முடையது. வைண்டிங் கடையிலும் கிரைண்டர் பட்டறையிலும் வேலை பார்க்கிறவர்களின் வாட்ச் திடீரென்று ஒரு நாளைக்குப் பல நிமிஷம் வேகமாக ஓட ஆரம்பிக்கும். உள்ளே முடி மாதிரி இருக்கும் ஸ்பிரிங் காந்தமேறி, சுற்றோடு சுற்று ஒட்டிக்கொள்வதுதான் காரணம். பக்கத்தில் ஒரு திசைகாட்டியை வையுங்கள். ஊசி ஆடினால் சந்தேகமே இல்லை. ரிப்பேர்காரர் காந்தம் எடுக்கும் மிஷினில் ஒரு நிமிஷத்தில் சரி செய்துவிடுவார். இதற்காக முழு சர்வீஸ் காசு கொடுக்காதீர்கள். விமானிகளுக்கும் இதே தொல்லை இருந்தது. பிரிட்டிஷ் விமானப்படைக்கு ஐடபிள்யூசி என்கிற சுவிஸ் கம்பெனி 1948 வாக்கில் செய்த மார்க் 11 வாட்சின் உள்ளே மென்இரும்புக் கூடு போட்டது, காக்பிட்டின் காந்தத்தைத் தடுக்கத்தான்.

தோல் ஸ்ட்ராப்புக்கு வால்பாறை மழை ஆகாது. அவ்வளவுதான்.

இனி வலது பக்கம். ஹெலிகாப்டரில் போனவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். முன்னாள் படைவீரர்கள் ஒருபுறம், கேதார்நாத்துக்கும் வைஷ்ணவிதேவிக்கும் போய்வந்த பெரியம்மாக்கள் ஒருபுறம். இவர்களிடம் "பயமா இருந்துச்சா?" என்று கேட்காதீர்கள். ஆமாம் என்பார்கள், கதை அங்கேயே முடிந்துவிடும். எந்த சீட்டில் உட்கார்ந்தீர்கள், ஜன்னல் எந்தப் பக்கம், மடியில் என்ன இருந்தது, ஏறும்போது மணி என்ன, இறங்கும்போது என்ன என்று கேளுங்கள். காங்கயத்துப் பெரியம்மா ஒருவர் கேதார்நாத் பயணத்தைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லத் தெரியாது என்றவர், ஏறுவதற்கு முன் என்ன செய்தார்கள் என்று கேட்டதும் கண் விரியச் சொன்னார்: "அரிசி மூட்டையாட்டமே எடை போட்டாங்க கண்ணு! பையைக்கூட வெளிய வெச்சுட்டாங்க." மலை உயரத்தில் காற்று லேசு, விசிறிக்குப் பிடிமானம் குறைவு, அதனால் ஒவ்வொரு கிலோவும் கணக்கு என்று விளக்கினேன். அப்புறம் அரை மணி நேரம் அவரேதான் பேசினார்.

கிளம்பும்போது ஒரு நடுக்கம் வந்ததா என்றும் கேளுங்கள். தூக்கி நிறுத்திய ஹெலிகாப்டர் மூக்கைச் சாய்த்து முன்னே போகத் தொடங்கும்போது, கொஞ்சம் வேகம் பிடித்ததும் உடம்பு முழுக்க ஒரு அதிர்வு ஓடும், உடனே லேசாகி மேலே ஏறும். விசிறி தானே கலக்கிய காற்றை விட்டு வெளியே வருகிற நேரம் அது. நிஜமாகப் பறந்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும்.

கதை சொல்லும்போது மணியைச் சேர்த்துச் சொல்லுங்கள். 2005 மே 14 அன்று பிரெஞ்சு பைலட் டிடியே டெல்சால் எவரெஸ்ட் உச்சியில் ஹெலிகாப்டரை இறக்கினார் என்றால் கேட்பவர் தலையாட்டுவார். 3 நிமிஷம் 50 விநாடி அங்கே நின்றது என்று சொல்லி, கையில் உள்ள வாட்சில் அவ்வளவு நேரம் விநாடி முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள். அது எவ்வளவு நீளமான நேரம் என்று அப்போது தெரியும். 1972 ஜூன் 21 அன்று இன்னொரு பிரெஞ்சு பைலட் ஜான் புலே லாமா ஹெலிகாப்டரில் 12,442 மீட்டர் ஏறினார். அங்கே எஞ்சின் அணைந்துபோனது, திரும்பப் பற்றவில்லை. கீழிருந்து வரும் காற்றே விசிறியைச் சுற்ற, எஞ்சின் இல்லாமல் தரை வரை இறக்கினார். நம் படையின் சீட்டா அந்த லாமாவின் இந்தியத் தயாரிப்புதான். எஞ்சின்காரனாக எனக்கு இதைவிடப் பெரிய கதை கிடையாது.

ஒரு கதையை மட்டும் வாட்ச் மேஜையில் யாரும் சுவாரசியத்துக்காக எடுக்கக் கூடாது என்பேன். 2021 டிசம்பர் 8 அன்று காலை 11.48க்கு சூலூரில் கிளம்பிய எம்ஐ-17 ஹெலிகாப்டர் 12.15க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். 12.08 வாக்கில் தொடர்பு அறுந்தது, குன்னூர் பக்கம் விழுந்துவிட்டது. முப்படைத் தளபதி பிபின் ராவத்தும் அவர் மனைவியும் உடன் போனவர்களும் திரும்பவில்லை. சொல்வதானால் விழுந்த இடத்துக்குப் பக்கத்து ஊரான நஞ்சப்பசத்திரத்து ஜனங்கள் வீட்டுக் கம்பளிகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதோடு ஒரு வாட்சைச் சம்பந்தப்படுத்தி விற்க வருகிறவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

நாலு பேர் கூடும்போது மேஜையில் வெள்ளைத் துண்டு விரித்து, மோதிரத்தைக் கழற்றிவிட்டு வாட்சைக் கையில் எடுங்கள். உரியவரைக் கேட்காமல் சாவி கொடுக்காதீர்கள். ராத்திரி ஒன்பதுக்கு மேல் தேதியை மாற்றாதீர்கள், பல் உடையும். பெரியவர் ஒருவர் பேச ஆரம்பித்தால் விலை விசாரிப்பதை நிறுத்திவிட்டு நோட்டை எடுங்கள். அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, கீழே ஒரு கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.