சென்னை–லண்டன் எத்தனை மணி நேரம்? கணக்கில் சறுக்கும் இடங்கள்

டிக்கெட் போடக் கற்றுக்கொள்பவர்கள் ஊர் பெயரை மாற்றிப் போடுவது அபூர்வம். நேரக் கணக்கில்தான் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார்கள். சென்னையிலிருந்து லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு நேர்வழித் தூரம் ஏறத்தாழ 8,230 கி.மீ. அதையே எடுத்துக்கொள்வோம்.

தூரத்தை 900-ஆல் வகுப்பது

வகுத்தால் 9 மணி 9 நிமிடம் வரும். அட்டவணையிலோ 11 மணியை ஒட்டி இருக்கும். மணிக்கு 900 கி.மீ. என்பது மேலே ஏறி நிலையாகப் பறக்கும்போதுள்ள வேகம் மட்டுமே. அட்டவணை நேரம், விமானம் ஒரு வாயிலை விட்டு நகர்வதில் தொடங்கி மறு வாயிலில் நிற்பதோடு முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, ஹீத்ரோவுக்கு மேல் வட்டமடித்துக் காத்திருப்பது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். போதாததற்கு, மேற்கே போகும்போது எதிர்க்காற்று வேறு. திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நேரம் குறையும்.

லண்டனுக்கு எப்போதும் ஐந்தரை மணி கழிப்பது

பணத்தைக் கரைக்கும் தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் ஏப்ரல் வந்தால் யாராவது செய்துவிடுகிறார்கள். பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருக்கிறது.

காலை 5.30-க்குக் கிளம்பி 11 மணி நேரம் பறந்தால் நம் கடிகாரத்தில் மாலை 4.30. ஐந்தரை மணியைக் கழித்து, லண்டனில் காலை 11 என்று குறித்துக்கொண்டு, 12.45 பேருந்துக்கு மலிவு டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். குளிர்காலத்தில் அது சரி. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். வித்தியாசம் நாலரை மணிதான். விமானம் வந்து நிற்கவே பகல் 12 ஆகிவிடும். மிச்சம் 45 நிமிடம். குடிவரவு வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து வெளியே வருவதற்குள் பேருந்து போயிருக்கும். மலிவு டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் பணம் திரும்பாது.

முதலில் யுடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றுங்கள். இந்திய நேரம் 5.30 என்றால் யுடிசி 00.00. பதினொன்றைக் கூட்டினால் 11.00. குளிர்காலத்தில் அதுவே லண்டன் நேரம். கோடையில் ஒன்று கூட்டுங்கள். (அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறே கடிகாரத்தை மாற்றிவிடும். அதை லண்டனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

நள்ளிரவு தாண்டிய தேதி

15-ஆம் தேதி 00.40 என்றிருந்தால் 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

எந்த மைல்?

தூரம் மைலில் இருந்தால், கி.மீ.க்கு மாற்றும் முன் எந்த மைல் என்று பாருங்கள். கடல் மைல் 1.852 கி.மீ., தரை மைல் 1.609 கி.மீ.

பழைய நேரத்தை நம்புவது

ஹெல்சின்கி–டோக்கியோ சுமார் 7,800 கி.மீ. முன்பு ஒன்பதரை மணி நேரத்தில் போய்விடலாம். 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்ட பிறகு, சுற்றிப் போக 13 மணி நேரம் ஆகிறது. தூரம் காட்டும் இணையக் கணிப்பான்களில் இன்றும் அதே 7,800-தான் வரும். அவை அளப்பது இரு ஊருக்கும் இடையிலான மிகக் குறுகிய வழியை. விமானம் போகிற பாதையை அல்ல.