ஹூஸ்டனில் கைதானவரைத் தேடும்போது நாம் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் ஒருவர் கைதானால் அவர் பெயர், குற்றச்சாட்டு, பெயில் தொகை எல்லாம் பல இடங்களில் ஒரு நாளுக்குள் இணையத்தில் வந்துவிடும். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று தகவல் கேட்டே பழகிய நமக்கு இது கொஞ்சம் விநோதம்தான். டெக்சஸ் மாநிலத்தின் பொதுத் தகவல் சட்டப்படி, கைதானவரைப் பற்றிய அடிப்படை விவரத்தை யாரும் பார்க்கலாம். காசு கட்ட வேண்டியதில்லை, காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஹூஸ்டனில் மகனோ மருமகனோ கைதானதாகச் செய்தி வந்தால், பதற்றத்தில் பலர் தவறான இடத்தில் தேடுகிறார்கள். சரியான இடத்தில் கிடைத்தாலும் தவறாகப் படித்துவிடுகிறார்கள்.

நகரத்தின் பெயரில் தேடுவது

முதல் சறுக்கல் இதுதான். ‘ஹூஸ்டன் ஜெயில்’ என்று கூகுளில் போட்டுத் தேடுவார்கள். ஆனால் டெக்சஸில் கைதானவர்களை வைத்திருக்கும் ஜெயில் பெரும்பாலும் கவுண்டியுடையது. கவுண்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம் போல. அதன் போலீஸ் தலைவரான ஷெரிஃப்தான் ஜெயிலுக்குப் பொறுப்பு. ஹூஸ்டன் போலீஸ் பிடித்தாலும் ஆளைக் கொண்டுபோய் விடுவது ஹாரிஸ் கவுண்டியின் கையில். நகரமும் கவுண்டியும் சேர்ந்து நடத்தும் பதிவு மையம் ஒன்று நார்த் சான் ஹசிண்டோ தெருவில் 2019-ல் திறந்தது. புக்கிங் என்கிற கைரேகை, புகைப்படம், மருத்துவக் கேள்விகள், உடைமைகளை வாங்கி வைப்பது எல்லாம் அங்கேதான் நடக்கிறது.

அதற்காக எல்லாரையும் ஹாரிஸ் கவுண்டித் தளத்திலேயே தேடினாலும் சிக்கல். ஹூஸ்டன் நகர எல்லையே ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், மான்ட்கோமரி என்று மூன்று கவுண்டிகளில் விரிந்து கிடக்கிறது. நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் சுகர் லேண்ட் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் இருக்கிறது; அதன் ஜெயில் ரிச்மண்டில். மீனாட்சி கோவில் இருக்கும் பேர்லேண்டின் பெரும்பகுதி பிரசோரியா கவுண்டி. அதன் ஜெயில் ஆங்கிள்டனில். உட்லண்ட்ஸ் பக்கம் என்றால் மான்ட்கோமரி கவுண்டி, ஜெயில் கான்ரோவில். கேட்டி ஊர் இன்னும் மோசம், ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என்று மூன்று கவுண்டிகளில் கால் வைத்திருக்கிறது.

இங்கே கணக்கு, ஆள் எங்கே குடியிருக்கிறார் என்பதை வைத்து வராது. எங்கே பிடித்தார்கள் என்பதுதான் முக்கியம். சுகர் லேண்டில் வீடு, ஹூஸ்டன் டவுன்டவுனில் விருந்து முடிந்து கார் ஓட்டும்போது பிடித்தார்கள் என்றால் ஹாரிஸில் தேட வேண்டும். பிடித்த இடம் தெரியாவிட்டால், சுற்றியுள்ள கவுண்டித் தளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவது நல்லது, சில நிமிட வேலைதான். சிறு நகரங்கள் சிலவற்றில் போலீஸ் நிலையத்திலேயே சிறிய லாக்கப் இருக்கும். முதல் சில மணி நேரம் ஆள் அங்கே இருந்துவிட்டு அப்புறம்தான் கவுண்டிக்குப் போவார். அதனால் அந்த நகரப் போலீஸின் அவசரமில்லா எண்ணுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். அதற்காக 911-க்குப் போட வேண்டாம்.

கூகுளில் முதலில் வந்து நிற்கிற தளங்களும் ஒரு பொறிதான். ‘கைது விவரம் உடனடியாக’ என்று சொல்லி, பெயரைத் தட்டியதும் ஒரு பட்டை மெதுவாக நகரும். ‘அதிர்ச்சித் தகவல் கிடைத்திருக்கிறது’ என்று காட்டிவிட்டு கிரெடிட் கார்டு எண் கேட்கும். நகர்கிற அந்தப் பட்டைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒன்றுமே நடப்பதில்லை. ‘டாட் கவ்’ என்று முடிகிற முகவரியை மட்டும் நம்பு என்பார்கள். அதுவும் முழுக்கச் சரியில்லை, ஷெரிஃப் அலுவலகங்கள் சில ‘டாட் ஆர்க்’ முகவரியிலும் தளம் வைத்திருக்கின்றன. கவுண்டியின் முதன்மைத் தளத்துக்குப் போய், அங்கிருந்து ஷெரிஃப் பக்கத்துக்குச் செல்வதுதான் பத்திரமான வழி.

நம் பெயரும் அவர்களின் தேடுபெட்டியும்

தமிழர்கள் மணிக்கணக்கில் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தேடுபெட்டி கடைசிப் பெயர், முதல் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரையோ இனிஷியலையோ வைத்து ஓட்டுகிறோம். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் சொந்தப் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யூ’ என்று விழும். முதல் பெயர் தெரியாது என்பதற்கான சுருக்கம் அது. செந்தில்குமார் என்று ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். புக்கிங்கில் அவர் கடைசிப் பெயர் செந்தில்குமார், முதல் பெயர் எஃப்.என்.யூ என்று பதிவாகியிருக்கலாம். அப்பா பெயரை முன்னும் பின்னும் போட்டு எவ்வளவு தேடினாலும் வரமாட்டார்.

இன்னொரு பக்கம், விசாவில் எப்படி இருந்தாலும் போலீஸ்காரர் பார்ப்பது டிரைவிங் லைசென்ஸைத்தான். அதில் அப்பா பெயர் கடைசியில் இருக்கலாம், நடுப் பெயராக இருக்கலாம், செந்தில் தனி குமார் தனி என்று இரண்டாக உடைந்தும் இருக்கலாம். ஆகவே இரண்டு கட்டத்தையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். கடைசிப் பெயரின் முதல் நான்கைந்து எழுத்தை மட்டும் போட்டாலும் சில தளங்கள் பட்டியல் தரும். ‘த’வுக்கு ஆங்கிலத்தில் ‘எச்’ சேர்ப்பதா, ‘ஷ்’ எப்படி வரும் என்பதையெல்லாம் ஊகிப்பதைவிட, ரூம்மேட்டிடம் கேட்டு லைசென்ஸ் அல்லது பாஸ்போர்ட் நகலைப் பார்த்துவிடுவது மேல்.

பிறந்த தேதியில் இன்னும் எளிமையான தவறு ஒன்று. அங்கே மாதம் முதலில், நாள் அடுத்து. 04/07 என்றால் ஏப்ரல் 7. நாம் ஜூலை 4 என்று போடுவோம். ‘யாரும் இல்லை’ என்று தளம் சொல்லிவிடும். பதிவு கிடைத்த பிறகும் இந்தத் தேதிக் குழப்பம் தொடரும். புக்கிங் நாள், கைது நாள், குற்றம் நடந்ததாகச் சொல்லும் நாள், அடுத்த கோர்ட் நாள் என்று வரிசையாக இருக்கும். கோர்ட் தேதியைத் தலைகீழாகப் படித்துவிட்டு, வராமல் போனவர் மீது வாரண்ட் வந்தால் அது புதிய தலைவலி.

ஹாரிஸ் கவுண்டியில் ஒருமுறை பதிவானவருக்கு எஸ்.பி.என் என்று ஒரு எண் தருவார்கள். அங்கே இருப்பவர்கள் ‘ஸ்பின் நம்பர்’ என்பார்கள். கிடைத்தவுடன் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பெயர் எழுத்துப் பிழையோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

பெயர் வரவில்லை என்றால்

வெளியே விட்டுவிட்டார்கள் என்றோ கைதே ஆகவில்லை என்றோ உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. கைதுக்கும் கணினிக்கும் நடுவே பல மணி நேரம் ஓடும், வார இறுதி இரவுகளில் இன்னும் கூடுதலாக. உடல்நிலை சரியில்லை என்று முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம். ஹூஸ்டனில் நள்ளிரவு என்றால் கோடையில் சென்னையில் காலை பத்தரை. இங்கே பகல் முழுக்க தளத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தாலும் அங்கே இன்னும் விடிந்திருக்காது. ஹூஸ்டனில் மதியம் ஆகும்வரை பொறுங்கள். அதற்குள் அங்குள்ள நண்பர் யாரையாவது போனில் கேட்கச் சொல்லுங்கள்.

வேறு சில காரணங்களும் உண்டு. டெக்சஸில் 17 வயது ஆனாலே கிரிமினல் சட்டத்துக்குப் பெரியவர்தான். அதற்குக் கீழே என்றால் பதிவு பொதுவில் வராது. மத்திய அரசு வழக்கு என்றால் ஷெரிஃப் தளத்தை மட்டும் நம்ப முடியாது. தண்டனை பெற்று மாநிலச் சிறைக்குப் போனவரை டெக்சஸ் குற்றவியல் நீதித்துறையின் தளத்தில் தேட வேண்டும். ஜெயிலில் இருப்பவர் விசாரணைக்காகவோ சிறு தண்டனைக்காகவோ இருப்பவர். பிரிசன் என்றால் அது வேறு கட்டிடம், வேறு நிர்வாகம்.

விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஜெயிலிலிருந்து குடிவரவுத் துறையான ‘ஐஸ்’ கைக்கு மாறியிருந்தால் கவுண்டித் தளத்தில் பெயர் மறைந்துவிடும். வீட்டில் எல்லாரும் ‘விட்டுட்டாங்க’ என்று நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். ஐஸுக்குத் தனியாகத் தேடுதளம் இருக்கிறது. ஏ-நம்பரும் (குடிவரவுத் துறை வெளிநாட்டவருக்குத் தரும் எண்) பிறந்த நாடும், அல்லது பெயரும் பிறந்த நாடும் கொடுத்துத் தேடலாம். பெயர் அச்சுப் பிசகாமல் இருக்க வேண்டும். எச்-1பி, எஃப்-1 விசாக்காரர்கள் பலரிடம் ஏ-நம்பரே இருக்காது என்பதால், மேலே சொன்ன எஃப்.என்.யூ விளையாட்டு இங்கேயும் தொடரும்.

இந்தியத் தூதரகத்துக்குத் தானாகவே தகவல் போய்விடும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். வியன்னா உடன்படிக்கைப்படி, கைதான வெளிநாட்டவர் கேட்டால் தகவல் சொல்ல வேண்டும். இந்தியர் விஷயத்தில் அவர் கேட்டால்தான் உண்டு. ஹூஸ்டனிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, குடும்பத்தினரும் நேரடியாகத் தொடர்புகொள்ளலாம்.

பெயில் கட்டுவதற்கு முன்

பதிவில் இரண்டு மூன்று குற்றச்சாட்டு இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தொகை இருக்கும். முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் புரட்டக் கூடாது, கூட்டிப் பாருங்கள். ‘ஹோல்ட்’ என்று ஒரு சொல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வேறு கவுண்டியின் வாரண்டோ ஐஸ் கோரிக்கையோ இருக்கிறது என்று அர்த்தம். பெயில் கட்டினாலும் ஆள் வீட்டுக்கு வரமாட்டார். தொகை எதுவும் இல்லை என்றால் பெயில் மறுத்துவிட்டார்கள் என்று அலற வேண்டாம், மாஜிஸ்திரேட் முன் இன்னும் நிறுத்தாமல் இருக்கலாம். டெக்சஸ் சட்டப்படி 48 மணி நேரத்துக்குள் நிறுத்தியாக வேண்டும்.

முழுத் தொகையையும் நாமே கட்டினால், ஆள் கோர்ட்டுக்குத் தவறாமல் வந்திருந்தால் வழக்கு முடிந்ததும் கட்டணம் போகத் திரும்ப வரும். பெயிலுக்குப் பிணை நிற்பதைத் தொழிலாகச் செய்யும் பாண்ட் ஏஜெண்டிடம் போனால் வழக்கமாகப் பத்து சதவீதம் வாங்குவார்; அது அவர் கூலி, திரும்பாது.

இந்தப் பதிவுகளை மோசடிக்காரர்களும் படிக்கிறார்கள். புதிதாகக் கைதானவரின் குடும்பத்தைத் தேடிப் பிடித்து, ‘ஷெரிஃப் ஆபீஸிலிருந்து பேசுகிறேன், உடனே பணம் கட்டினால் இன்று ராத்திரியே விட்டுவிடுவோம்’ என்பார்கள். புக்கிங் எண், குற்றச்சாட்டு எல்லாம் சரியாகச் சொல்வார்கள். சொல்லாமல் என்ன, உங்களைப் போலவே அவர்களும் தளத்தில் பார்த்துத்தானே பேசுகிறார்கள். கிஃப்ட் கார்டு, கிரிப்டோ, ஸெல் (Zelle) என்கிற பணம் அனுப்பும் ஆப் என்று பேச்சு திரும்பியதுமே வைத்துவிட்டு, தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். ஜெயிலிலிருந்து உங்கள் ஆளே கூப்பிட்டால், என்ன நடந்தது என்று கதை கேட்க வேண்டாம். அந்த அழைப்புகள் பதிவாகின்றன. ‘சாப்பிட்டியா, வக்கீல் வர்றார்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பதிவைத் தீர்ப்பாகப் படிப்பது

புக்கிங் பதிவில் இருப்பது போலீஸின் குற்றச்சாட்டு மட்டும்தான். அது நாளை குறையலாம், கூடலாம், தள்ளுபடியாகலாம். அப்படி ஆனால் ஜெயில் தளம் திருத்தி எழுதிக்கொண்டிருக்காது. வழக்கு என்ன ஆனது என்று பார்க்க, கோர்ட் எழுத்தரின் தளத்துக்குப் போக வேண்டும். ஹாரிஸில் அது டிஸ்ட்ரிக்ட் கிளார்க் அலுவலகம். வேறு பல கவுண்டிகளில் சிறு குற்றங்களுக்குக் கவுண்டி கிளார்க், பெருங்குற்றங்களுக்கு டிஸ்ட்ரிக்ட் கிளார்க் என்று பிரித்திருப்பார்கள்.

குடித்துவிட்டு ஓட்டிய முதல் வழக்கு, அதாவது டி.டபிள்யூ.ஐ, டெக்சஸில் பொதுவாக சிறு குற்றத்தில் பி வகுப்பு. அதைப் பெருங்குற்றம் என்று நினைத்து நடுங்குகிறவர்களும் உண்டு, ஃபைன் கட்டினால் முடிந்தது என்று அலட்சியமாக இருப்பவர்களும் உண்டு. விசாக்காரருக்கு இரண்டாவது ரகம்தான் ஆபத்து. தீர்ப்பு வரும் முன்பே, கைதை மட்டும் வைத்து அமெரிக்க வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்ய முடியும். கிரிமினல் வக்கீலோடு குடிவரவு வக்கீலையும் அன்றே பிடித்துவிடுவது நல்லது.

வாட்ஸ்அப் குழுக்களில் கைதானவர் படத்தைப் போட்டு ‘நம்ம அபார்ட்மெண்ட் ஆளாம்’ என்று பரப்புவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது சகிக்காது. பெயர் ஒற்றுமையில் வேறொருவர் மாட்டிக்கொள்வதும் சுலபம். கார்த்திக்குகளும் பிரியாக்களும் ஹூஸ்டனில் எத்தனை பேர்! வீடு வாடகைக்கு விடவோ வேலைக்கு எடுக்கவோ இந்தப் பணம் பிடுங்கும் தளங்களைப் பார்த்து முடிவெடுப்பது சட்டச் சிக்கலும்கூட. 1970-ம் ஆண்டின் கூட்டாட்சிக் கடன் அறிக்கைச் சட்டப்படி அதற்கான விதிகளுக்கு உட்பட்ட நிறுவனம் தரும் அறிக்கைதான் வேண்டும். சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவித்து, அவர் பதில் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும். ஸ்போக்கியோ என்ற ஆள்தேடு நிறுவனம் இந்தச் சட்ட விஷயத்தில் 2012-ல் 8 லட்சம் டாலர் கட்டியது.

வழக்கு தள்ளுபடியானால் தகுதி உள்ளவர்கள் கோர்ட்டில் மனுப் போட்டுக் கைதுப் பதிவையே அழிக்கலாம். அந்த உத்தரவு அரசு அலுவலகங்களுக்குப் போகும். ஆனால் முன்பே படத்தை எடுத்து வைத்திருக்கும் தனியார் தளங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும். டெக்சஸில் 2013-ல் வந்த சட்டப்படி, தவறான, அரைகுறையான தகவலை நீக்கவோ திருத்தவோ அவர்கள் காசு கேட்கக் கூடாது. அழிப்பு உத்தரவு இருப்பது தெரிந்த பிறகும் பதிவை வெளியிடக் கூடாது. உத்தரவின் நகலை இணைத்து, போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை வரும் தபாலில் அனுப்புங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் ‘வரவே இல்லை’ என்று சொல்லிவிடுவது அவர்களுக்கு ரொம்பச் சுலபம்.