'இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்' என்று எழுதியிருந்தால் போதுமா? மும்பையில் ஃபைனான்ஸ் பக்கம் வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சயான், செம்பூர், தாராவி பக்கத்து நம் பிள்ளைகள் பி.காம். முடித்த கையோடு என்னிடம் கேட்பது சி.ஏ.வா, எம்.பி.ஏ.வா, முதலீட்டு ஆய்வுக்கான சர்வதேசப் படிப்பான சி.எஃப்.ஏ.வா என்றுதான். ரெஸ்யூமே, இன்டர்வியூ சமாச்சாரமெல்லாம் யூடியூபிலேயே கொட்டிக் கிடக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

பதவிப் பெயரை நம்பிப் பணம் கட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வரும். 'இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் கோர்ஸ், வேலை உறுதி' என்று விளம்பரம் செய்வார்கள். பையன் மனதில் ஓடுவது கம்பெனி வாங்கி விற்கிற டீல், பங்கு வெளியிடும் முன் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபிக்குப் போகிற டி.ஆர்.எச்.பி. என்ற வரைவு ஆவணம், கம்பெனி மதிப்பைக் கணக்கிடும் வேல்யூவேஷன். கிடைப்பது ஆபரேஷன்ஸ், அதாவது நடந்த ட்ரேடுகளைச் சரிபார்த்து முடித்து வைக்கிற பின்னணி வேலை. மாட்டுங்காவில் காபி குடிக்கும்போது ஒரு பையன் ஆஃபர் லெட்டரை நீட்டினான், மேலே பெரிய வெளிநாட்டு வங்கியின் பெயர், கீழே 'அனலிஸ்ட்'.

"என்ன வேலைன்னு சொன்னாங்க தம்பி?"

"ரெண்டு சிஸ்டத்துலயும் ட்ரேடு பொருந்துதான்னு பாக்கணும்ணா. பொருந்தலைன்னா பிரேக்னு குறிச்சு மெயில் போடணும்."

அதன் பெயர் ரெகன்சிலியேஷன். அமெரிக்கச் சந்தை 2024 மே மாதம் டி+1க்கு மாறியதிலிருந்து ட்ரேடு நடந்த மறு வேலைநாளே பணமும் பங்கும் கைமாறி செட்டில் ஆகியாக வேண்டும், அந்த அவசரம் நமக்கு ராத்திரி ஷிஃப்டாக வந்து விடியும். கேவலமான வேலை இல்லை, யாராவது செய்தே ஆக வேண்டும், அதிலேயே நன்றாக மேலே வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் டீல் பண்ண ஆசைப்பட்டவன் "உள்ளே போய் மாறிக்கொள்ளலாம்" என்று சேர்ந்தால் மாட்டிக்கொள்வான், ஏனென்றால் டீல் டீமுக்கு ஆள் எடுப்பது பெரும்பாலும் சி.ஏ.க்களிலிருந்தும் பெரிய எம்.பி.ஏ. கல்லூரிகளிலிருந்தும்தான், பிரேக் பார்த்த அனுபவத்தை அங்கே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இதற்குத்தான் அப்பா பி.எஃப்.-இல் கை வைத்து ஃபீஸ் கட்டியிருப்பார்!

ஜே.டி.யை, அதாவது வேலை விவரக் குறிப்பை, படியுங்கள். செட்டில்மென்ட், கார்ப்பரேட் ஆக்‌ஷன் (டிவிடெண்ட், போனஸ் பங்கு மாதிரி), கே.ஒய்.சி. என்று இருந்தால் ஆபரேஷன்ஸ். ஃபைனான்ஷியல் மாடல் (கம்பெனியின் வருங்கால வரவு செலவுக் கணிப்பு), பிட்ச் டெக் (வாடிக்கையாளரிடம் காட்டும் பிரசென்டேஷன்) என்று இருந்தால் டீல் பக்கம். அப்புறம், போன பேட்ச் எந்த டீமில் சேர்ந்தது என்று இன்ஸ்டிடியூட்டில் கேளுங்கள். வங்கிப் பெயரை மட்டும் சொல்லி மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சி.ஏ.வையும் சி.எஃப்.ஏ.வையும் ஒன்றாக ஆரம்பிப்பது

வேண்டாம்.

மாமா சொன்னார் என்று வங்கித் தேர்வு

எழுதுங்கள், மாமாவுக்காக எழுதாதீர்கள்.

பிடிக்குமா என்று பார்க்காமல் குதிப்பது

சி.ஏ.வில் ஆர்ட்டிகிள்ஷிப் என்ற ஆடிட்டரிடம் பயிற்சி எடுக்கும் காலத்தை 2023இல் 3 வருடத்திலிருந்து 2 ஆகக் குறைத்தார்கள், சரி, பரீட்சை இன்னமும் கஷ்டமான பரீட்சைதான். சி.எஃப்.ஏ.வில் மூன்று லெவல் முடித்தாலும் 4000 மணி நேர வேலை அனுபவம் காட்டினால்தான் சார்ட்டர் என்ற தகுதிப் பட்டம். இவ்வளவு வருடத்தை வைப்பதற்கு முன் செலவில்லாமல் ஒன்று செய்யலாம். மும்பை பங்குச் சந்தையான பி.எஸ்.இ.யின் தளத்தில் ஏதாவது ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை இறக்கி, சேர்மன் கடிதத்தைத் தாண்டி, பின்னால் இருக்கும் நோட்ஸ் வரை படியுங்கள். கடன் ஏன் கூடியது, வசூலாகாத பாக்கி எவ்வளவு என்று நீங்களாகவே தேட ஆரம்பித்தால் கம்பெனிகளை அலசும் ரிசர்ச் வேலைக்கான என்.ஐ.எஸ்.எம். சீரிஸ் 15 என்ற தேர்வை எழுதிப் பாருங்கள். பத்தாவது பக்கத்திலேயே கொட்டாவி வந்தால் சேல்ஸ் பக்கம் யோசிக்கலாம், அங்கேயும் நல்ல காசு இருக்கிறது.